பன்னிரண்டடி வண்டியும் பதினேழாம் நூற்றாண்டுத் தெருவும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஐரோப்பியர் முதலில் குடியேறிய ஊர்களின் தெருக்கள் குதிரைக்கும் மாட்டுவண்டிக்கும் அளவெடுத்துப் போட்டவை. வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி நீள ‘கிளாஸ் சி’ மோட்டார்ஹோமின் (வேனின் சட்டத்தில் வீட்டுப்பெட்டி பொருத்திய வண்டி) உயரம் 11 அடிக்கு மேல். கூரை ஏ.சி.யைச் சேர்த்தால் 12 அடியை நெருங்கும். அகலம் எட்டரை அடிக்குச் சற்றுக் குறைவு, பக்கக் கண்ணாடிகள் தனி. இந்த வண்டிக்கும் அந்தத் தெருவுக்கும் ஒத்துவராது. இந்தப் பழைய ஊர்களை மோட்டார்ஹோமில் சுற்றும் பயணத்தில் வரும் சிக்கல்களில் பாதி, பார்க்கவேண்டிய இடத்தின் வாசல்வரை வண்டியைக் கொண்டுபோக நினைப்பதால் வருகிறது. வண்டி படுக்கவும் சமைக்கவும் குளிக்கவும். ஊரைக் காலாலும் சைக்கிளாலும் ஷட்டில் பஸ்ஸாலும்தான் பார்க்க வேண்டும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டால் மோட்டார்ஹோமைப்போல வசதி வேறில்லை. காலை ஒன்பது மணிக்கு வாசல் திறக்கும்போது கையில் மதிய உணவோடு நிற்கலாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு வர்ஜீனியாவின் முக்கோணம்தான் சரி: ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன். 1607-இல் ஆங்கிலேயர் நிலையாகக் காலூன்றிய இடம், 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர், 1781-இல் பிரிட்டிஷ் படை சரணடைந்த களம் ஆகிய மூன்றையும் 23 மைல் நீளமுள்ள ‘கலோனியல் பார்க்வே’ என்ற ஒரே சாலை கோக்கிறது. ஒரே முகாமில் தங்கி மூன்றையும் பார்த்துவிடலாம், தினம் இடம் மாற வேண்டாம். ஜேம்ஸ்டவுனுக்கு ஒரு நாள், வில்லியம்ஸ்பர்க்குக்கு இரண்டு, யார்க்டவுனுக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்து இரவு. மூன்று இரவில் முடிக்கப் பார்ப்பவர்கள் வில்லியம்ஸ்பர்க்கை அரைநாளில் ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் கடைத்தெருவாக இருந்தது’ என்று திரும்புவார்கள்.

வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது

வாடகை நிறுவனத்தில் அரைமணி நேரம் விளக்கம் சொல்வார்கள். முழுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருக்கும் உயரத்தை நம்பிவிடாமல் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. கூரையில் மிக உயரமான பொருள் பெரும்பாலும் ஏ.சி.யின் பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் நேரான குச்சியொன்றை மட்டமாக வைத்து, வண்டிக்கு வெளியே நீளும் முனையிலிருந்து தரைவரை டேப் பிடித்தால் உண்மையான உயரம் தெரியும். அதோடு 3 அங்குலம் கூட்டி, அடி அங்குலக் கணக்கில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டுங்கள். பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது நினைவிலிருந்து எண்ணைத் தேடக்கூடாது.

போனில் சாதாரணமாக வைத்திருக்கும் வழிகாட்டிச் செயலிக்கு வண்டியின் உயரம் தெரியாது. ஆர்.வி.க்கென்றே (மோட்டார்ஹோம் போன்ற வண்டிகளுக்கு அங்கே வழங்கும் பொதுப்பெயர்) உள்ள ஜி.பி.எஸ். அல்லது செயலியில் உயரம், நீளம், எடை, கேஸ் இருக்கிறதா என்ற நான்கையும் பதிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தக் கரையில் இது மிக முக்கியம். பழைய ‘பார்க்வே’ சாலைகள் பலவும் கார்களுக்காக மட்டும் கட்டியவை. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வேக்களிலும் மோட்டார்ஹோமுக்கு இடமில்லை. பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவில் உயரமான வண்டிகள் பாலத்தில் மாட்டிக் கூரை உரிந்துபோவது ஆண்டுதோறும் நடக்கிறது.

வில்லியம்ஸ்பர்க்கின் கலோனியல் பார்க்வே அப்படியில்லை, அதில் ஆர்.வி. போகலாம். ஆனாலும் செங்கல் முகப்புள்ள வளைவுப் பாலங்களும், ஊருக்கு அடியில் ஒரு சுரங்கமும் உண்டு. வளைவுப் பாலத்தில் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது, பெட்டி வடிவ வண்டிக்கு முதலில் இடிப்பது வலப்பக்க மேல்மூலைதான். தேசியப் பூங்காச் சேவையின் பக்கத்தில் அன்றைய உயர வரம்பையும் மூடிய பகுதிகளையும் பார்த்துவிட்டு நுழையுங்கள். சந்தேகமிருந்தால் இணையாக ஓடும் ஐ-64 நெடுஞ்சாலை இருக்கிறது. பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது, கோடு போட்ட தடங்களும் கிடையாது. மூன்று தட அகலமுள்ள சரளைக்கல் கான்கிரீட், இருபுறப் போக்குவரத்து. வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல், சில இடங்களில் அதற்கும் குறைவு. கோடில்லாததால் கை தானாக நடுவுக்கு இழுக்கும். வலது ஓரத்தைப் பிடித்தே போங்கள்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் வால் வலப்பக்கம் ஓரிரண்டு அடி வீசும். முன்பக்கம் தப்பித்துவிட்டது என்று நிம்மதியாகும் அதே நொடியில் பின்மூலை கம்பத்தில் உரசும். பெட்ரோல் பங்க்கில் பம்பைக் காக்க நட்டிருக்கும் மஞ்சள் கம்பங்கள்தான் இதில் அதிகம் பலிவாங்குபவை. பம்பை விட்டு வெளியேறும்போது வண்டியின் வால் அந்தக் கம்பங்களைத் தாண்டும்வரை நேராகவே போய், பிறகு திருப்ப வேண்டும்.

கேஸும் சுரங்கமும்

வழி போடும்போது புதியவர்கள் கவனிக்காத விஷயம் புரொப்பேன். அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் மூன்றுக்கும் வண்டியின் அடியில் நிரந்தரமாகப் பொருத்திய கேஸ் கலன் இருக்கும். பால்டிமோரின் ஹார்பர் சுரங்கத்திலும் (ஐ-895), ஃபோர்ட் மக்ஹென்றி சுரங்கத்திலும் (ஐ-95) 10 பவுண்டுக்கு மேற்பட்ட கேஸ் கலனோடு நுழைய அனுமதியில்லை. மோட்டார்ஹோமின் கலன் அதைவிடப் பெரியது, வால்வை மூடினாலும் கணக்கில் வராது. பிலடெல்பியாவிலிருந்து தெற்கே வருகிறவர்கள் ஐ-695 வட்டச்சாலையில் சுற்ற வேண்டும். பழைய வழிகாட்டிகள் அந்த வட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தைச் சொல்லும். அந்தப் பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி விழுந்துவிட்டது. புதியது எழும்வரை மேற்குப் பக்க வட்டம் ஒன்றே வழி.

வர்ஜீனியாவில் விதி வேறு. வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து நார்ஃபோக் பக்கம் போகும் ஹாம்ப்டன் ரோட்ஸ் சுரங்கத்தில் அளவுக்குட்பட்ட கேஸோடு ஆர்.வி. போகலாம், ஆனால் வால்வு மூடியிருக்க வேண்டும். கேஸில் ஓடும் பிரிட்ஜையும் அப்போதே அணைத்துவிடுங்கள். சுரங்கமே வேண்டாம் என்றால் யு.எஸ். 17 நெடுஞ்சாலையில் ஜேம்ஸ் ரிவர் பாலம் இருக்கிறது. ஜேம்ஸ்டவுனிலிருந்து அக்கரைக்கு 24 மணி நேரமும் ஓடும் கார் ஃபெர்ரிக்குக் கட்டணமே இல்லை. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அதன் எடை, உயர வரம்பைக் கேட்டுக்கொண்டு ஏற வேண்டும். வண்டியைக் கரையில் விட்டுவிட்டு நடந்தே ஏறிப்போய்த் திரும்பினாலும் லாபம்தான். 1607-இல் கப்பலில் வந்தவர்கள் அந்தக் கரையை ஆற்றிலிருந்து எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில் புரியும்.

முகாமில்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல்குளத்தை விடச் சைக்கிள் பாதையைப் பாருங்கள். ஜேம்ஸ் சிட்டி கவுன்டி நடத்தும் சிக்கஹாமினி ரிவர்ஃபிரன்ட் பார்க், ரிச்மண்டிலிருந்து ஜேம்ஸ்டவுன் வரை 50 மைலுக்கு மேல் ஓடும் வர்ஜீனியா கேபிடல் டிரெயில் என்ற தார்ப்பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து சைக்கிளில் ஜேம்ஸ்டவுன் போய்விடலாம். யார்க்டவுன் பக்கம் வேண்டுமென்றால் நியூபோர்ட் நியூஸ் பார்க்கின் முகாம், போர்க்களத்தை ஒட்டியே இருக்கிறது. எங்கள் தேர்வு முதலாவதுதான். சைக்கிள் இல்லாதவர்கள் ஒரு சிறிய காரை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டால், தினம் காலையில் இணைப்புகளைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

மின்சாரம்: 30 ஆம்ப் இணைப்பு என்றால் 30 பெருக்கல் 120, அதாவது 3600 வாட்தான் மொத்தம். 13,500 பி.டி.யு. ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். மைக்ரோவேவ் இன்னொரு 1500. வெந்நீர்த் தொட்டியின் மின்கம்பி 1400. மூன்றும் சேர்ந்தால் 4400, பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? வெந்நீரைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கோடையில் மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி ஏ.சி. போடும்போது முகாமின் மின்னழுத்தம் சரியும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏ.சி. கம்ப்ரஸர் சூடேறிக் கெடும். அதைக் கவனித்து இணைப்பைத் துண்டிக்கும் மின்காப்புக் கருவி வண்டியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். வண்டி முகாமிலேயே நிற்கிற நாட்களில் ஏ.சி.யை அணைக்காமல் 78 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் போனால், மாலையில் கொதிக்கும் பெட்டியைக் குளிர்விக்க இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை, வோல்ட் சரியும் நேரத்தில் கம்ப்ரஸரைப் பாடுபடுத்தவும் வேண்டியதில்லை.

குடிநீர்க் குழாயில் அழுத்தக் குறைப்பான் மாட்டாமல் தண்ணீர் திறக்காதீர்கள். 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வண்டிக்குப் போதும். சில முகாம்களில் அதைவிட இரண்டு மடங்கு அழுத்தம் வரும், அப்போது கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பு விட்டுப்போகும். நீங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் வெள்ளம்.

கழிவுத் தொட்டிகளைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. அதனாலேயே தவறு நடக்கிறது. கழிவறைத் தொட்டியின் வால்வை, குழாய் நிரந்தரமாக மாட்டியிருந்தாலும், திறந்தே வைக்கக்கூடாது. திறந்திருந்தால் நீர் மட்டும் வடிந்துபோய், கெட்டிப்பொருள் கழிப்பிடத்துக்கு நேர்கீழே கூம்பாகக் குவிந்து இறுகும், பிறகு எந்த மருந்தாலும் கரையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடியே வைத்து, ஒரே மூச்சில் திறந்து காலி செய்ய வேண்டும். குறைவாக இருந்தால் கழிப்பிடத்தில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுத் திறங்கள். அது வடிந்தபின் வால்வை மூடி, அடுத்து குளியல், பாத்திரம் கழுவும் நீரின் தொட்டியைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறினால் அந்தப் பயன் கிடைக்காது. கழிவைக் காலி செய்யும் இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குழாய், கழுவுவதற்கு மட்டும். குடிநீர்க் குழலை அதில் மாட்டவே கூடாது.

காலையில் வண்டியோடு கிளம்புகிற நாளில் இணைப்புகளைக் கழற்ற இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மின்கம்பத்தில் முதலில் பிரேக்கரை இறக்கி, பிறகே பிளக்கை இழுக்க வேண்டும். தண்ணீர், கழிவுக்குழாய், கேஸ் வால்வு, கூரைச் சன்னல், பிரிட்ஜ் கதவின் கொக்கி, வெளிப்படி. எல்லாம் முடிந்ததும் ஒருவர் கையில் ஒன்றும் இல்லாமல் வண்டியை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். கையில் பொருளோடு சுற்றுபவர் கண் அந்தப் பொருளிலேயே இருக்கும்.

ஜேம்ஸ்டவுன்: ஒரே பெயரில் இரண்டு இடம்

பெயர்க்குழப்பத்தில் பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைத்துப் போய்விடுகிறார்கள். ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ மாநில அரசின் அருங்காட்சியகம். சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்ற மூன்று கப்பல்களின் முழு அளவு மாதிரிகளும், மாதிரிக் கோட்டையும், அப்பகுதிப் பழங்குடியினரான பவ்ஹாட்டன் மக்களின் ஊர் மாதிரியும் அங்கே. ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ என்பது உண்மையான தீவு, உண்மையான மண். இங்கே நுழைவுக் கட்டணம் இரண்டு பகுதி. தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு பூங்காச் சேவையின் பங்கை மட்டும் ஈடுகட்டும், அகழாய்வு அறக்கட்டளையின் பங்கைத் தனியாகச் செலுத்த வேண்டும். செட்டில்மென்டுக்கு அந்தச் சீட்டு செல்லவே செல்லாது. அதன் சீட்டை யார்க்டவுனில் உள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தோடு சேர்த்து வாங்கினால் மலிவு.

குழந்தைகளோடு போனால் காலையில் செட்டில்மென்ட், மதியத்துக்கு மேல் தீவு. பெரியவர்கள் மட்டுமென்றால் தீவிலிருந்து தொடங்குங்கள். 1607-இல் 104 ஆண்களும் சிறுவர்களும் இறங்கி முக்கோண வடிவில் மரக்கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1994-இல் வில்லியம் கெல்சோ தொடங்கிய அகழாய்வில், மண்ணில் கரும்பட்டையாகத் தெரிந்த கம்பக்குழிகளை வைத்துக் கோட்டையின் பெரும்பகுதி நிலத்திலேயே இருப்பது தெரியவந்தது. வெப்பமான மாதங்களில் அகழாய்வாளர்கள் கண்ணெதிரே தோண்டிக்கொண்டிருப்பார்கள். கயிற்றுக்கு இப்பால் நின்று கேட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். எந்தப் பலகையிலும் இல்லாத செய்தி அப்படித்தான் கிடைக்கும்.

வந்தவர்களில் அடுத்த ஜனவரிக்குள் மிஞ்சியவர்கள் 38 பேர். ஏன் என்பதற்கு அங்கே நின்றாலே பாதி விடை கிடைக்கும். சதுப்பு, கொசு, உப்பேறிய ஆற்றுநீர். மீதியை மர வளையங்கள் சொல்கின்றன: 1606 முதல் 1612 வரை அந்தப் பகுதியில் பல நூற்றாண்டுகளில் காணாத வறட்சி. 1609-10 குளிர்காலப் பஞ்சத்துக்குப் பின் சுமார் 60 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் இறந்த, பதினான்கு வயது மதிக்கத்தக்க பெண்ணின் எலும்புகளில், பசியில் மற்றவர்கள் அவள் உடலைத் தின்றதைக் காட்டும் வெட்டுத்தழும்புகள் இருப்பதை 2013-இல் அறிவித்தார்கள். தீவிலுள்ள ‘ஆர்கேரியம்’ காட்சியகத்தில் அதைப் பார்க்கும் முன் சிறு குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு இடத்திலும் பேருந்துகள் நிற்கும் பகுதியில்தான் ஆர்.வி.க்கும் இடம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிவாக்கில் வந்துவிடும், அதற்குமுன் போய்விடுங்கள். தீவைச் சுற்றும் குறுகிய காட்டுச் சாலையில் மோட்டார்ஹோமை இறக்க வேண்டாம், அது சைக்கிளுக்கு ஏற்றது. புல்லில் உண்ணி உண்டு. முழுக்கால்சட்டை போட்டு, மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

வில்லியம்ஸ்பர்க்: எது பழையது?

கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கின் 301 ஏக்கர் முழுவதும் பழமை என்று நினைத்தால் ஏமாற்றம். 1926-இல் ஊரைப் பழையபடி எழுப்பும் பாதிரியார் குட்வினின் கனவுக்கு ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுக்க முன்வந்தபோது தொடங்கியது மறுசீரமைப்பு. 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களாக மிஞ்சியவை 90-க்குச் சற்றுக் குறைவு. கேபிடல் (சட்டமன்றக் கட்டடம்), ஆளுநர் மாளிகை, ராலே விடுதி மூன்றும் பழைய அடித்தளத்தின்மேல் புதிதாக எழுப்பியவை. புரூட்டன் தேவாலயம், 1715-இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு, நீதிமன்றம், ஜார்ஜ் வித் வீடு ஆகியவை உண்மையானவை. வில்லியம் அண்ட் மேரி கல்லூரி வளாகத்தில் 1695-இல் தொடங்கிய ரென் கட்டடமும் அப்படித்தான், நாட்டில் இன்னும் நிற்கும் கல்லூரிக் கட்டடங்களில் அதுவே மூத்தது.

ஒரு சுவர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வித் வீட்டின் முகப்பு இதற்குப் பொருத்தம். ஒரே வரிசையில் ஒரு செங்கல் நீளவாட்டில், அடுத்தது தலை தெரிய, மறுபடி நீளவாட்டில் என்று மாறிமாறி வரும், இது ஃபிளெமிஷ் கட்டு. பல வர்ஜீனியச் சுவர்களில் தலைகள் நீலச்சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல மின்னும். யாரும் சாயம் பூசவில்லை. சூளையில் நெருப்பு வாய்க்கு அருகே அடுக்கிய கற்கள் அவை. விறகுச் சாம்பலின் பொட்டாஷ் மண்ணின் மணலோடு உருகி மெருகாகப் படிகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்தைக் கூர்ந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும், சரியாக வேகாத சிப்பித்துண்டுகள். சுண்ணாம்புக்கல் கிடைக்காத அந்தக் கரையில் சிப்பி ஓட்டைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த நம் கண்ணுக்கு இது உடனே பிடிபடும். கோடையில் அங்குள்ள செங்கல் களத்தில் வெறுங்காலால் மண் மிதிக்க விடுவார்கள். அந்தக் கற்களை இலையுதிர்காலத்தில் சூளையிட்டுச் சுடுவார்கள். கொல்லர், அச்சுக்கூடம், பொய்முடி செய்பவர் எல்லாம் உண்மையான கைவினைஞர்கள். ‘எப்படி?’ என்று கேட்பதை விட ‘இதில் எது கெட்டுப்போகும், ஏன்?’ என்று கேட்டால் அரைமணி நேரம் விடமாட்டார்கள்.

தெருவில் நடக்கச் சீட்டு வேண்டாம், கட்டடங்களுக்குள் நுழையத்தான் வேண்டும். பகலில் டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பார்வையாளர் மையத்தின் நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் ஏறுங்கள். ஊருக்குள் இடம் தேடி ஒரு சுற்று சுற்றலாம் என்ற ஆசை வேண்டாம், தாழ்ந்த மரக்கிளைகள் போதும் கூரைத் துவாரத்தின் மூடியைப் பெயர்க்க.

இந்த ஊரை அழகான உடைகளின் ஊராக மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய தவறு. அன்று இங்கே வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஒவ்வொரு வீட்டிலும் முன்கூடத்தை முடித்ததும் பின்கட்டுக்குப் போங்கள். சமையற்கட்டு தனிக் கட்டடமாக இருக்கும், அதன் மேல்மாடத்தில் யார் படுத்தார்கள் என்று கேளுங்கள். 1760-இல் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடம், கறுப்பினக் குழந்தைகளுக்குக் கற்பித்த கட்டடங்களில் இன்று அமெரிக்காவில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று அறியப்பட்டது. 2023 பிப்ரவரியில் அதைப் பெயர்த்து இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தோடு கீழ்ப்படிதலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. ஆனால் எழுத்து, சொல்லிக்கொடுத்தவர் நினைத்த இடத்தோடு நிற்குமா? நேரம் குறைவென்றால் மாளிகையை விட்டுவிட்டுக்கூட இதைப் பாருங்கள். மாளிகைக்குப் போனால் தோட்டத்திலுள்ள கல்லறை நிலத்தைத் தவறவிடாதீர்கள். யார்க்டவுன் போரில் காயமடைந்தவர்களுக்கு மாளிகை மருத்துவமனையானது. இறந்த 150-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே புதைந்திருக்கிறார்கள். 1781 டிசம்பரில் மாளிகை எரிந்தது.

யார்க்டவுன்

ஜேம்ஸ்டவுன் தீவும் யார்க்டவுன் போர்க்களமும் ஒரே தேசியப் பூங்காவின் பகுதிகள், ஒரு சீட்டு ஏழு நாளுக்கு இரண்டுக்கும் செல்லும். களத்தைச் சுற்றி 7 மைலில் ஒரு சாலை, படைமுகாம்கள் வழியாக 9 மைலில் இன்னொன்று. முதலாவது போதும், சைக்கிளில் போனால் இன்னும் நல்லது. 1781 அக்டோபர் 14 இரவில் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட 9, 10-ஆம் எண் மண்கோட்டைகளின் மேடு வரை நடந்து போய் ஆற்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் படைக்குப் பின்னால் நீர், முன்னால் அமெரிக்கத் தளபதி வாஷிங்டன், பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போ இருவரின் படைகள். கடல்வாயில் பிரெஞ்சுக் கப்பற்படை. தப்பிக்க வழியில்லாமல் போனது படிக்கும்போது புரிவதை விட அங்கே நிற்கும்போது தெளிவாகப் புரியும்.

அக்டோபர் 19 அன்று சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், உடல்நலமில்லை என்று சொல்லி வாளோடு துணைத்தளபதியை அனுப்பினார். ஐந்தே ஆண்டில், 1786-இல், அதே கார்ன்வாலிஸ் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். 1792-இல் திப்புவை ஸ்ரீரங்கப்பட்டினத்தில் பணியவைத்து, திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கும்பெனிக்கு எழுதி வாங்கியவர் அவர்தான். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யார்க்டவுன் மேட்டில் நிற்கும் தமிழருக்கு இது வெளிநாட்டுக் கதை அல்ல. அங்கே தோற்றதன் தொடர்ச்சி சேலம், கிருஷ்ணகிரி வரை வந்தது.

சரணடைந்த நாளின் ஆண்டுவிழாவை ஒட்டிய வாரம் முகாம்கள் நிரம்பிவிடும். மற்றபடி செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் ஏப்ரலும்தான் நல்ல காலம். ஜூலையின் புழுக்கத்தில் பதினொரு மணிக்குமேல் வெளியில் நிற்க முடியாது, மாலையில் இடிமழை வரும், வெளியே போகும்போது பக்கப்பந்தலைச் சுருட்டாமல் விட்டால் காற்று பிய்த்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல்காலம். ஆற்றோர முகாமில் இருந்தால் எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டுக்கு நகர்த்துங்கள்.

வடக்கும் தெற்கும்

வடக்கே போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பிலடெல்பியாவின் இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு மார்ச் முதல் டிசம்பர் வரை நேரம் குறித்த சீட்டு வேண்டும், முன்பதிவு செய்யுங்கள். பக்கத்திலுள்ள நிறுத்தம் நிலத்தடியில் இருக்கிறது, மோட்டார்ஹோம் நுழையாது. நியூஜெர்சிப் பக்கம் தங்கி ‘பாட்கோ’ ரயிலில் போங்கள். பாஸ்டனுக்கு ஹிங்கத்திலுள்ள வோம்பட்டக் மாநிலப் பூங்காவில் தங்கி, அவ்வூர்த் துறையிலிருந்து ஃபெர்ரியில் போய் இறங்கினால் ஃபிரீடம் டிரெயிலின் 2.5 மைலை நடந்தே முடிக்கலாம். பிளிமத்தில், ஆங்கிலேயக் குடியேறிகள் முதலில் கால்வைத்த இடமாகக் காட்டும் பாறையைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. 1620-இல் வந்தவர்களின் குறிப்புகளில் அந்தப் பாறை இல்லை, அதைப் பற்றிய பேச்சு 1741-இல்தான் எழுந்தது. அந்த நேரத்தையும் பிளிமத் பட்டக்செட் அருங்காட்சியகத்தில் அம்மண்ணின் பழங்குடியினரான வாம்பனோக் மக்களின் பகுதிக்குக் கொடுங்கள்.

தெற்கே புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின், ஜேம்ஸ்டவுனுக்கு 42 ஆண்டு மூத்தது. 1565-இல் ஸ்பானியர் அமைத்த ஊர். அங்குள்ள ஸ்பானியக் கற்கோட்டைக்கு முன்னாலுள்ள நிறுத்தம் சிறியது, ஊரின் பெரிய நிறுத்தக் கட்டடம் தாழ்ந்த கூரையுள்ளது. பாலத்துக்கு அப்பால் அனஸ்தாசியா தீவில், அதே பெயருள்ள மாநிலப் பூங்காவில் மின்சாரத்தோடு முகாம் இருக்கிறது. வார இறுதிக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். 1672 முதல் 1695 வரை கட்டிய காஸ்டியோ டி சான் மார்கோஸ் கோட்டையின் கல்லும் அந்தத் தீவிலிருந்தே வந்தது. கோகினா என்ற அந்தக் கல் முழுவதும் சிறு சிப்பிகள் ஒட்டி இறுகியது, வெட்டியெடுக்கும்போது மென்மை, காய்ந்தால் உறுதி. உள்ளே நுண்துளைகள் இருப்பதால் பீரங்கிக்குண்டு பட்டால் கல் சிதறாமல் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1702-இல் ஆங்கிலேயர் ஊரையே எரித்தும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை, 1740-லும் முடியவில்லை. கோட்டைக்கு வடக்கே இரண்டு மைலில் ஃபோர்ட் மோசே. ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து தப்பிவந்த அடிமைகளுக்கு ஸ்பானியர் விடுதலை கொடுத்து 1738-இல் அமைத்த ஊர், இன்று மாநிலப் பூங்கா. வண்டியை அங்கே நிறுத்துவது கோட்டையைவிட எளிது. கோட்டைக்குக் காலை ஒன்பது மணிக்கே போய், கடலைப் பார்த்த சுவரை வெளியிலிருந்து சுற்றிவாருங்கள். சாய்வெயில் பட்டால் ஒவ்வொரு சிப்பியின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். கையால் தேய்த்துப் பார்க்க வேண்டாம், உதிரும் கல் அது.